பில்டர் சரியில்லை

“எந்த மடையன் இந்த ஏசியைக் கொண்டுவந்து இங்க வச்சான்?”

வேறு யார், அவர் மச்சான்தான். தெரிந்தேதான் கேட்டார் மனுஷன்.

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன் அது. ‘மோட்டார் ஹோம்’ என்று சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. வேன் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் தொங்கிவிடும்.

ஏசி இருப்பது கூரையில். இரண்டு நாளாகச் சூடாக ஊதுகிறது. பில்டரை எடுத்துக் கழுவலாம் என்றால், மேல் படுக்கையில் ஏறி மல்லாந்து படுத்து, டிவிக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் கையை விட்டு, கண்ணுக்கே தெரியாத இரண்டு கொக்கிகளைத் தடவித் தடவிக் கழற்ற வேண்டும். சட்டாம்பிள்ளைக்கு முழங்கை வரைதான் போனது. தொப்பை வேறு கூரையில் முட்டியது.

சட்டாம்பிள்ளை என்பது மனைவி வீட்டார் அவருக்கு வைத்த பெயர். அவர் காதில் விழாமல்தான் சொல்லிக்கொள்வார்கள்.

“என்னங்க, இறங்கி வாங்க. தம்பி வர்றேன்னான், வந்து எடுத்துக் குடுப்பான்” என்றாள் மனைவி.

“வருவான், வருவான். நாலு பலகையை அறைஞ்சதும் உன் தம்பிக்குப் பெரிய இன்ஜினியர்னு நினைப்பு!”

“காசு வாங்காம இந்த வண்டியைக் கட்டிக் குடுத்தானே, அது மறந்துடுச்சா?”

“அதான் லட்சணம் இப்படி இருக்கு.”

அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான். முகம் பேயறைந்தது போல இருந்தது.

“அக்கா, அந்தப் பல் டாக்டர் வேலை வேணாம்னுட்டார்.”

“ஐயையோ! ஏன்டா?”

ஊர் ஊராகப் போய்ப் பல் பார்க்க, டாக்டர் தன் பெரிய வேனை ஆஸ்பத்திரி மாதிரி மாற்றித் தரச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வேலையை நம்பித்தான் தம்பி ஷெட்டைக் காலி பண்ணாமல் வைத்திருந்தான். அது போனால் ஷெட்டை மூடிவிட்டு யாரிடமாவது கூலிக்குப் போக வேண்டியதுதான்.

“காரணம் ஒண்ணும் சொல்லலக்கா. எங்க மாமா வண்டியே நான் கட்டினதுதான், அவரையே கேளுங்கன்னு நான்தான் மாமா நம்பரைக் குடுத்தேன். பேசினாராம். அதுக்கப்புறம்தான் மனசு மாறிட்டார்.”

மேலே முட்டலும் மோதலும் சட்டென்று நின்றன.

“என்னங்க, டாக்டர் உங்ககிட்டயா பேசினார்?”

“ஆமா... காலையில கூப்பிட்டார்.” இடுக்கிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அடக் கடவுளே! பில்டர் எப்படி சார்னு கேட்டாரு. நான் இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேனா, ஏசி பில்டரைத்தான் கேக்கறாருன்னு நினைச்சுட்டேன். ‘தண்ட பில்டர் சார், அவசரத்துக்குக் கையில சிக்காது, தூக்கி எறியணும்’னு கத்திட்டேன். அவரு வண்டி கட்டுற பில்டரை இல்ல கேட்டிருக்காரு!”

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு.

ஏசிக்குள் இருப்பதும் பில்டர், வண்டியைக் கட்டுகிறவனும் பில்டர். நம் வாயில் இரண்டும் ஒன்றுதான். இதைக்கூடவா ஒரு படித்த மனுஷன் யோசிக்க மாட்டார்? பல்லைப் பிடுங்க மட்டும் தெரிந்தால் போதுமா?

சட்டாம்பிள்ளை முக்கி முனகி இறங்க, தம்பி மேலே ஏறினான். அவனுக்கும் லேசில் வரவில்லை. புறங்கையைச் சிராய்த்துக்கொண்டுதான் பில்டரை உருவினான். தூசி கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது.

“என் தப்புதான் மாமா. நீங்க பெரிய டிவி வேணும்னப்பவே ஏசியைத் தள்ளி வச்சிருக்கணும். எனக்குத் தோணாமப் போச்சு.”

“பரவாயில்ல விடு மச்சான். போகப்போகக் கத்துப்ப” என்று தோளில் தட்டினார், பெரிய மனசு பண்ணி.

“இருடா, நான் டாக்டர்கிட்ட பேசறேன்” என்று அக்கா போனை எடுத்தாள்.

“ஏய், அதெல்லாம் வேணாம். போனது போகட்டும். இந்த மாதிரி அவசரக்குடுக்கைகிட்ட வேலை செஞ்சா நாளைக்குத் தொல்லைதான்.”

“நல்லா இருக்கே! ஒரு வார்த்தைக் குழப்பத்துல என் தம்பி பொழப்பு போகணுமா?”

“குடு, நானே பேசறேன்.”

“நீங்க பேசினது போதும்” என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

டாக்டர் எடுத்ததும் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். “நீங்க கேட்டது வண்டி கட்டுற பில்டர், எங்க வீட்டுக்காரர் சொன்னது ஏசி பில்டர். நீங்க ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா டாக்டர்? பாவம், பிள்ளை இடிஞ்சு போய் நிக்கறான்!”

ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் குழப்பத்தோடு வந்தது.

“பில்டரா? அப்படி ஒரு வார்த்தையே எங்க பேச்சுல வரலையேம்மா! ‘உங்க மச்சான் வேலை எப்படி?’ன்னு கேட்டேன். ‘என் பொண்டாட்டியோட தம்பிதான், அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா, அவனை நம்பி வண்டியை விட்டுடாதீங்க’ன்னாரு.”