தவறணை மாப்பிள்ளை

"தவறணையில வேலை செய்யிறவனுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது?"

அஞ்சலீனா மூன்று நாளாக இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் ஜென்சி மூன்று நாளாக அழுதுகொண்டிருந்தாள். கோயில் பாடகர் குழுவில் கூடப் பாடுகிற றெக்ஸைத்தான் கட்டுவாளாம். பெடியன் நல்ல குடும்பம், நல்ல குரல், எல்லாம் சரி. வேலைதான் இடித்தது. டவுன்டவுனில் ஓர் இங்கிலீஷ்காரனின் பப்பில் பியர் ஊற்றிக் கொடுக்கிற வேலை. அவளுக்குக் கள்ளுத் தவறணையும் பப்பும் ஒன்றுதான்.

"பப் எண்டால் தவறணை இல்லையம்மா. குடும்பமா வந்து சாப்பிடுற இடம்."

"அப்ப நானே போய்ப் பாக்கிறன். சொல்லாமக் கொள்ளாமப் போனால்தான் ஆளின்ர குணம் தெரியும். இஞ்சருங்கோ, வெளிக்கிடுங்கோ!"

அவள் புருஷன் கிறிஸ்தோப்பர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"நீ போட்டு வா. எனக்கு நாரி நோகுது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையின்ர வாழ்க்கையைவிட உங்கட நாரி பெரிசோ?"

சனிக்கிழமை மத்தியானம் செயின்ட்-மிஷேல் ஸ்டேஷனில் மெட்ரோ பிடித்து டவுன்டவுனுக்குப் போனார்கள். கிறிஸ்தோப்பர் பத்தடி பின்னாலேதான் வந்தார்.

அஞ்சலீனா மூக்கைப் பொத்தத் தயாராகக் கதவைத் திறந்தாள். பொத்தத் தேவைப்படவில்லை. உள்ளே சிகரெட் பிடிக்கக் கூடாதென்று சட்டம் வந்த வருஷம் அது. மீன் பொரிக்கிற வாசம்தான் வந்தது. மூலை மேசையில் வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி, பக்கத்தில் ஒரு கிளாஸ் பியரை வைத்துக்கொண்டு கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். தவறணையில் கம்பளி பின்னுகிறதை அஞ்சலீனா இதுவரை கண்டதில்லை.

கவுன்டருக்குப் பின்னால் நின்ற றெக்ஸ் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு துவாயில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"வாங்கோ அன்ரி, வாங்கோ அங்கிள். யன்னலடியில இருங்கோ, அங்கதான் நல்ல வெளிச்சம்."

மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் சுடச்சுட வந்தன. உறைப்பு மருந்துக்கும் இல்லை. என்றாலும் பிளேட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. கிறிஸ்தோப்பர் ஒரு கோக்கை முன்னால் வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிற பஸ்களை எண்ணுகிறவர் மாதிரி இருந்தார்.

"அந்தப் பிடியைப் பிடிச்சு என்னத்தைத் தம்பி இழுக்கிறீர்?" என்று கவுன்டரில் நின்ற நீளப் பிடியைக் காட்டிக் கேட்டாள் அஞ்சலீனா.

"பியர்தான் அன்ரி. கீழ பேஸ்மென்ற்றில பீப்பா இருக்கு. காஸ் ஏத்தாத பழைய முறைப் பியர், கையாலதான் இழுக்கோணும். ஐஸ் மாதிரிக் குளிராது. திறந்தால் மூண்டு நாலு நாள்தான், பிறகு பழுது. கைக்குழந்தை மாதிரிப் பாக்கோணும்."

அவன் சொன்ன விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்துப் போய்விட்டதே என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"நீர் குடிக்கிறனீரோ?"

"இல்லை அன்ரி. காலமை ஒரு வாய் வைச்சுப் பாத்திட்டுத் துப்பிப்போடுவன். அது வேலை."

அப்பாடா என்றிருந்தது அஞ்சலீனாவுக்கு. உடனே ஜென்சிக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடலாமோ என்றுகூட நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா முதலாளி வரவேண்டும்? சிவந்த கன்னமும் பெரிய வயிறுமாக வந்த அந்த மனிதர், நுரை தளும்புகிற கைப்பிடிக் குவளை ஒன்றை மேசை நடுவில் வைத்தார்.

"சொந்தக் குவளையில் குடித்தால்தானே ருசி!" என்று இங்கிலீஷில் சொல்லிக் கண்ணைச் சிமிட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

"இது ஆற்ற குவளை?" என்றாள் அஞ்சலீனா.

றெக்ஸ் குவளையைப் பார்த்தான். கிறிஸ்தோப்பரைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ர, அன்ரி. வழக்கமாக் குடிக்கிற ஆக்களுக்கு இஞ்ச ஆளுக்கொரு குவளை வைச்சிருப்பம்."

"இப்பத்தானே குடிக்கிறேல்லை எண்டனீர்?"

"பொய் சொல்லிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அஞ்சலீனா பிளேட்டைத் தள்ளி வைத்தாள். குடித்தால்கூடப் பரவாயில்லை. முகத்துக்கு நேரே பொய் சொல்லிவிட்டானே! வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இனி என்ன சொல்வது?

கிறிஸ்தோப்பருக்கு இப்போதுதான் வாய் வந்தது.

"நான் அப்பவே நினைச்சனான்! குடிகாரனுக்குப் பொம்பிளை குடுக்கேலாது. எழும்பு, போவம்."

நாரி நோவெல்லாம் எங்கே போனதோ, துள்ளி எழுந்து ஜாக்கெட்டையும் போட்டுவிட்டார்.

அஞ்சலீனாவும் எழுந்தாள். கைப்பையை எடுக்கையில் குவளை தட்டுப்பட்டுச் சரிந்தது. விழாமல் பிடித்தாள். குவளையின் மறுபக்கத்தில் வெள்ளை ஒட்டுத்துண்டு ஒன்று, அதில் ஏதோ எழுதியிருந்தது. றெக்ஸ் பதறிப்போய்க் கையை நீட்டினான்.

"தாங்கோ அன்ரி, நான் வைக்கிறன்."

அவள் கொடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்த இடமே தெரியவில்லை. ஆறுதலாகத் திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

"தம்பி, வாற ஞாயிறு பூசை முடிய அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும். கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

"உனக்கென்ன விசரோ? இந்தக் குடிகாரனுக்கோ பிள்ளையைக் குடுக்கப் போறாய்?" என்று பாய்ந்தார் கிறிஸ்தோப்பர்.

அஞ்சலீனா குவளையை அவர் பக்கமாக மெல்லத் தள்ளினாள்.

"இருந்து ஆறுதலாக் குடியுங்கோப்பா. உங்கட பேரெழுதி ஒட்டின குவளையை விட்டிட்டு எங்க ஓடுறியள்?"