மண் எடுக்க வந்தவள்

மோகனூர்த் தோட்டத்துக்கு ஆராய்ச்சி மாணவி வித்யா மறுபடியும் மண் எடுக்க வந்ததும் பாப்பாயிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மகன் மோகன்குமாரோ மண்வெட்டியோடு அவளுக்காகக் காத்து நின்றான்.

"ஏஞ்சாமி, எங்க தோட்டத்தைக் கவருமெண்டு எடுத்துக்குமா?" என்றாள் பாப்பாயி.

"இல்லீங்கம்மா. ஆயிரம் வருசத்துக்கு முன்னால இங்க மாட்டுப்பட்டி இருந்திருக்குங்க. சாணத்துல இருந்த பாஸ்பேட் ஆழத்து மண்ணுல இன்னும் தங்கியிருக்குங்க. அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்தேன்."

"அது எப்பத் தெரிஞ்சுது?"

வித்யா தயங்கினாள். "மொதல்ல எடுத்த மண்ணுலயே தெரிஞ்சுபோச்சுங்க."

"அப்புறம் எதுக்கு மாசாமாசம் வாரே?"

வித்யா தலைகுனிந்தாள். மோகன்குமார் அவசரமாக வாழைக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கப் போனான்.

பாப்பாயிக்குச் சிரிப்பு வந்தது.

"அடுத்த தடவ உங்கப்பா அம்மாவையும் கூட்டிட்டு வா, சாமி."