நானூறு வாங்கு

"எங்கட தலைவரை இண்டைக்கே நீக்கோணும்!"

தட்சிணாமூர்த்தி எழுந்து நின்று சொன்னதும், வோபர்ன் மண்டபத்தில் வடை கடித்துக்கொண்டிருந்த வாய்களெல்லாம் அப்படியே நின்றன. தலைவரின் கதிரை காலியாக இருந்தது.

ஊரில் சண்டை முடிந்து மூன்று கிழமை. இறந்தவர்களுக்காக, புலம்பெயர்ந்த ஒரே ஊர்க்காரரின் ஊர்ச்சங்கம் சனிக்கிழமைதோறும் பிரார்த்தனை வைத்தது. போன கிழமை மயூரி என்ற பெண் வந்திருந்தாள். முள்ளிவாய்க்காலில் தம்பியைத் தொலைத்தவள். "நீர் எங்கட ஊர் இல்லை. உள்ளுக்கு விடவேண்டாமெண்டு தலைவரின்ர ஓடர்" என்று வாசலில் நின்றவர் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். சங்கத்தில் பாதிப்பேர் வெட்கப்பட்டார்கள். மற்றப் பாதி சட்டம் பேசினார்கள்.

"சங்கத்தின்ர யாப்புச் சட்டத்தில அப்பிடித்தானே அண்ணை இருக்கு?" என்றார் செயலாளர் மகேஸ்வரன்.

"என்னோட வேலை செய்யிற யூதர் ஒராள் சொன்ன கதையைக் கேளும்" என்றார் தட்சிணாமூர்த்தி. " ரெண்டாயிரம் வருசத்துக்கு முதல் அவையும் சண்டையில தோத்து, கோயிலையும் பறிகுடுத்தவை. மிஞ்சின ஆக்கள் யவ்னே எண்ட சின்ன ஊரில கூடி வேதம் படிச்சவை. அந்தச் சபையின்ர தலைவர் பெரிய படிப்பாளி. ஆனா வாசலில காவல்காரன். கண்டபடி ஆரும் உள்ளுக்குப் போகேலாது."

"நல்ல ஒழுங்குதானே?"

"ஒருநாள் தலைவர் ஒரு பெரியவரை எல்லாருக்கும் முன்னால நிக்கவைச்சு அவமானப்படுத்திப்போட்டார். சபை என்ன செய்தது?"

"மன்னிச்சுவிட்டது?"

"தலைவரை நீக்கினது! காவல்காரனையும் எடுத்துப்போட்டது. புதுசா வந்த சனம் இருக்கிறதுக்கு அண்டைக்கு மட்டும் நானூறு நீட்டு வாங்கு கூடப் போட்டவையாம்."

"எங்களிட்ட இருக்கிறதே நாப்பது கதிரைதான்" என்று மகேஸ்வரன் முணுமுணுத்தார்.

"காணாட்டி நிலத்தில இருப்பம். ஓம் எண்டுற ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

முதற் கை தட்சிணாமூர்த்தியுடையது. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒன்று, இரண்டு, பத்து என்று கைகள் எழும்பின. கடைசியில் மகேஸ்வரனும் பெருமூச்சோடு பேனையை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

தட்சிணாமூர்த்தி விறுவிறென்று போய்க் கதவைத் திறந்தார். வெளியே, அவர் ஆள்விட்டு வரச்சொல்லியிருந்த மயூரி, தம்பியின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அவளுக்கு அவரை முன்பின் தெரியாது.

"அங்கிள், நான் உள்ளுக்கு வரலாமோ? உங்கட தலைவர் ஏசுவார் போல."

"பயப்பிடாதையும் பிள்ளை, அந்தத் தலைவரே நான்தான், இப்பதான் நீக்கிப்போட்டினம்."