ஏற்றிவிடுகிற வேலை

சந்தாபுராவில் அந்த மால் திறந்தபோது சங்கமித்ராவுக்குக் கிடைத்த வேலையைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் திரண்டு வந்தன. பட்டுப்புடவைப் பெண்கள் அவள் விரல்களை நசுக்கியபடி ஏறினார்கள். மேலே போனதும் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள்.

பிறகு இதைவிடப் பெரிய மால்கள் வந்தன. இங்கே கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. எஸ்கலேட்டருக்குக் கரண்டை நிறுத்தினார்கள். சங்கமித்ராவின் கைக்குத் துடைப்பம் வந்தது. இந்த மாதத்தோடு அதுவும் முடிகிறது என்று சூப்பர்வைசர் மமதா சொல்லிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவள் பெருக்கிக்கொண்டிருந்தபோது, தலை நிறையப் பூ வைத்த ஓர் அம்மாள் எஸ்கலேட்டர் முன்னால் தயங்கி நின்றார்.

“பயமா கீதும்மா. கைய புடிச்சிக்கிறியா?”

“இது ஓடாதும்மா. சும்மா படி மாதிரி ஏறிப் போங்க.”

“ஓடுதே,” என்றார் அம்மாள்.

வாதாட மனமில்லாமல் சங்கமித்ரா கையைக் கொடுத்தாள். அவள் காலைத் தூக்கவே இல்லை. ஆனால் மாடி வந்துவிட்டது. அம்மாள் சிரித்துவிட்டு, மூடிக் கிடந்த கடைகளின் பக்கம் நடந்தார். அங்கே ஒரு ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது.

சங்கமித்ரா கீழே பார்த்தாள். புதுத்துணி உடுத்திய ஒரு பெருங்கூட்டம், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவளுக்காகக் காத்திருந்தது.

“வரேன் வரேன், தள்ளாதீங்க, ஒவ்வொருத்தரா,” என்றபடி அவள் அவசரமாக இறங்கினாள்.