கருத்த கொலுசு

ரெட்டியார்பாளையத்துச் சந்து வீடொன்றில் காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு தரையில் கிடக்கிறது. அந்த வெயிலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சிவசங்கரி உட்கார்ந்திருக்கிறாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. ஆஸ்பத்திரியில் கொடுத்த கந்தகக் களிம்பின் நாற்றம் அறை முழுக்க நிற்கிறது. தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் அவள் அம்மா போன வாரம் வந்து குழந்தையின் காலில் போட்ட வெள்ளிக் கொலுசு முழுக்கக் கருத்துவிட்டது. “வெள்ளின்னு சொல்லி ஈயத்த மாட்டி உட்டுட்டுப் போயிருக்கு ஒங்கம்மா” என்கிறாள் நாத்தனார் துர்கா, வாசலில் நின்று தலை சீவிக்கொண்டே. “மருந்து பட்டுதான் கருத்துருக்கு அண்ணி.” “நாங்க போட்ட மோதிரத்துலயும் அந்த மருந்துதான பட்டுச்சு? அது கருத்துச்சா?” குழந்தையின் விரலில் அந்தத் தங்க மோதிரம் களிம்புக்கு நடுவிலும் மஞ்சளாக மின்னுகிறது. கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து அதைக் கருப்பாக்கும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. இதைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. சிவசங்கரி புடவைத் தலைப்பால் கொலுசைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறாள். கருப்பு போகவில்லை. கழற்றுவதற்குக் கொக்கியில் விரல் வைக்கிறாள். “கழட்டாத. சாயங்காலம் ஒங்கம்மா வருதுல்ல, அதுவே பாக்கட்டும்” என்கிறாள் துர்கா. கொக்கியிலிருந்து விரல் விலகுகிறது. குழந்தை காலோடு காலைத் தேய்த்துக்கொண்டு வீறிடுகிறது. கணுக்காலில்தான் புண் அதிகம். சிவசங்கரி களிம்பு டப்பாவைத் திறந்து, இரண்டு விரலால் எடுத்து, கொலுசைச் சுற்றிலும் பூசுகிறாள்.