கட்டிப்போன தொண்டை

சனிக்கிழமை பின்னேரம், கோயில் நிர்வாகசபைக் கூட்டம் முடிந்து வந்த மகேந்திரராசாவுக்குத் தொண்டை அடியோடு கட்டியிருந்தது. பிடரி வேறு வெயிலில் கன்றிக் கிடந்தது.

"இந்தக் கிழமையும் சண்டையோ?" என்று மனைவி கௌரி கொத்தமல்லித் தண்ணியை நீட்டினாள்.

"ஓம். திருவிழாவுக்கு எந்த மேளம் பிடிக்கிறதெண்டு. கத்திக் கத்தி உயிர் போச்சு."

கனடாவின் லவால் நகரில் எந்தத் தமிழ்க் குடும்பமும் இதை நம்பும். கோயில் கூட்டத்துக்குப் போன மனுசன் நல்ல குரலோடு திரும்பி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மகள் நிருஷாவுக்கு வேறு கவலை. பகல் ஆட்டம் முடிந்து லாசரோ வந்துகொண்டிருந்தான். அவன் மணியடிப்பதற்குள் அப்பாவிடம் சம்மதம் வாங்கிவிட வேண்டும்.

"அப்பா, நான் ஒராளை விரும்பிறன். பேர் லாசரோ. கியூபாக்காரர். பேஸ்போல் விளையாடுறதுதான் தொழில்."

மகேந்திரராசாவுக்குப் புரையேறியது.

"பேஸ்போலோ? அதில எனக்கு ஆனா ஆவன்னாவும் தெரியாது. விளையாட்டுக்காரனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது!"

"பதினெட்டு வயசில ஹவானாவில தொடங்கினவர் அப்பா. பேந்து மெக்சிகோ. இப்ப இஞ்ச."

"அதைத்தானே சொல்லுறன். நடு மைதானத்தில பறந்து திரிஞ்சவனை இப்ப இடப்பக்க மூலைக்குத் தள்ளிப்போட்டாங்கள். இன்னும் எத்தினை வருசம் ஓடுவான்?"

நிருஷாவுக்கு அழுகைதான் வந்தது. சனிக்கிழமையும் ஆஸ்பத்திரி வேலைக்கு ஓடுகிறவள், அவன் எந்த மூலையில் நிற்கிறான் என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

கௌரி பொறுமை இழந்தாள். "றோட்டில போற பெடியள் எல்லாரையும் மருமோன், மருமோன் எண்டு கூப்பிடுவியள். சொந்தமா ஒருத்தன் வந்தா மட்டும் கசக்குதோ?"

வாசல் மணி அடித்தது.

"ஆரது? அவனோ?" மகேந்திரராசா துள்ளி எழும்பினார். "எனக்குச் சரியான தலையிடி. நான் மேல போய்ப் படுக்கிறன்."

"நில்லுங்கோ! வந்த பிள்ளைக்கு ஒரு வணக்கமாவது சொல்லிப்போட்டுப் போங்கோ."

அவர் படியில் பாதி ஏறுவதற்குள் நிருஷா கதவைத் திறந்துவிட்டாள். அவள் லாசரோவுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் 'வணக்கம்'. வழியெல்லாம் அதைத்தான் பாடமாக்கி வந்திருப்பான், பாவம்.

குனிந்து சப்பாத்தைக் கழற்றியவன் நிமிர்ந்தான். படியில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றவரைக் கண்டான். கையில் ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே நின்றான்.

மறுகணம் அவன் முகமெல்லாம் சிரிப்பாகியது. சப்பாத்தைப் போட்டுவிட்டு, வானத்திலிருந்து வரும் பந்தைப் பிடிப்பவனைப் போல இரண்டு கைகளையும் உயர்த்தி, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் கத்தினான்:

"ஓடு, ஓடு! விடாதை, பிடியடா மருமோன்!"