துணைக்கு ஒருவன்

"ஐயோ, என் கால்!"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார் மாமா.

காட்டுத் தீ தாண்டி வராதபடி, மலைச்சரிவில் புதர்களை வெட்டி நீளப் பாதை போட்டுக்கொண்டிருந்தது தீயணைப்புக் குழு. மூன்றாவது நாள்.

"ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்று ஒருவன் சிரித்தான்.

குழுவில் 'இரும்பு' என்று பட்டப்பெயர் வாங்கியவனின் அக்கா வீட்டுக்காரர் என்பதால் குழுவுக்கே அவர் மாமா. இரும்பு வேறு ரகம். மூன்று நாளாக உட்காரவே இல்லை. இரண்டு பேர் வேலையைத் தானே இழுத்துப்போட்டுச் செய்தான்.

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "எந்திரிங்க மாமா, மானத்தை வாங்காதீங்க."

"அவரை விடு," என்றார் குழுத் தலைவர். "முடியலன்னா சொல்லிடணும். போன வருஷம் ஒருத்தன் வீராப்பா வேலை பார்த்தான். ஒண்ணுக்குக் கறுப்பாப் போனதைக்கூட மறைச்சான். கிட்னி போய் ஆளே போயிட்டான். மாமா, கீழ டாக்டர்கிட்ட போங்க. தனியா அனுப்ப மாட்டேன், யாராவது துணைக்குப் போங்கப்பா."

"இரும்பு வரட்டும்," என்றார் மாமா.

"நானா? இன்னும் நூறு அடிதான் பாக்கி! வேற ஆளே இல்லையா?"

"வழியில நான் விழுந்துட்டா உங்கக்காவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

இரும்பு பல்லைக் கடித்தான். கோடாரியைக் கீழே வைத்தான்.

"முதுகு மூட்டையையும் வச்சுட்டு வா மாப்ள. என் மேல இடிக்குது."

பத்தடிக்கு ஒரு தரம் நிழலில் உட்கார்ந்தார் மாமா. அவனையும் உட்கார வைத்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினால், "நீ குடிச்சாத்தான் நான் குடிப்பேன்" என்று குழந்தை மாதிரி அடம்.

"இனிமே உங்களோட வேலைக்கு வந்தா ஏன்டான்னு கேளுங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டுமே. குடி."

அடிவாரக் கூடாரத்தில், நொண்டிக்கொண்டே வந்த மாமாவை டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கால்?"

மாமா இரண்டு கால்களிலும் நேராக நின்றார். இரும்பின் தோளை அழுத்திக் கட்டிலில் உட்கார வைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், இவனைப் பாருங்க. மேல நான் காலைப் பிடிச்சுக் கத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடி புதர்ப் பக்கம் ஒண்ணுக்குப் போனான், கடுங்காப்பி நிறம். கேட்டா இல்லவே இல்லன்னு சாதிப்பான். தனக்காகன்னா இவன் மலையை விட்டு இறங்கவே மாட்டான், எனக்காகன்னா இறங்குவான்."